திருப்பூர்ச் சங்கமொன்றின் மெயிலிங் லிஸ்ட்: நிர்வாகத் திரையைப் புதிதாக வடிவமைத்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. உறுப்பினர்கள் ஆயிரத்துச் சொச்சம். அவினாசி, பல்லடம், பெருமாநல்லூர் வரை பரவிக் கிடக்கிறார்கள். மாதப் பிறப்பில் நூல் விலை, மின்தடை நாள், ஜிஎஸ்டி சுற்றறிக்கை, கூலிப் பேச்சின் நிலவரம் எல்லாம் மெயிலில்தான் போகும். வாட்ஸ்அப் குழுவும் உண்டு. ஆனால் லெட்டர்பேடில் கையெழுத்தோடு வந்த சர்க்குலரை மூன்று வருடம் கழித்துத் தேடி எடுக்க மெயில்தான் தோது. அறிவிப்புக்கு ஒன்று, எல்லோரும் பேச ஒன்று, செயற்குழுவுக்கு ஒன்று என மூன்று மெயிலிங் லிஸ்டுகள்; லிஸ்டின் முகவரிக்கு ஒரு மடல் எழுதினால் அதில் உள்ள எல்லாருக்கும் போகும்.

சங்க ஆபீசுக்கு வரும் போன்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, சர்க்குலர் எனக்கு வரவே இல்லைங்களே?" மென்பொருளுக்குள் இதற்கு எப்போதும் விடை இருந்தது. மடல் ஒப்புதலுக்காக நின்றிருக்கும், அல்லது அந்த முகவரிக்கு அனுப்பியவை பவுன்ஸ் ஆகி, அதாவது சேராமல் திரும்பி வந்து, முகவரி முடக்கப்பட்டிருக்கும், அல்லது எதிர்ப்பக்க சர்வர் திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் பழைய திரையில் அந்த விடையை எங்கே பார்ப்பது என்று ஆபீசில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. புதிய திரையின் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடுக்கப்பட்டது.

பழைய திரை

ஓடிக்கொண்டிருந்தது பகிர்வு ஹோஸ்டிங்கில், அதாவது பலர் சேர்ந்து பயன்படுத்தும் வாடகை சர்வரில், மெயில்மேன் 2.1 என்ற மெயிலிங் லிஸ்ட் மென்பொருள். பொது, கடவுச்சொல், மொழி, உறுப்பினர், டைஜெஸ்ட், தனியுரிமை, பவுன்ஸ், காப்பகம், தானியங்கிப் பதில், உள்ளடக்க வடிகட்டி, தலைப்புகள் என்று பத்துக்கு மேல் பிரிவுகள். ஒவ்வொன்றும் ஒரு நீளமான படிவம். அடியில் ஒரே சப்மிட் பட்டன். உள்ளே அமைப்புகள் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கின்றனவோ அதே வரிசையில்தான் திரையும். நிரல் எழுதுபவருக்கு அது வசதி. காலையில் ஆபீஸைத் திறந்து, நின்றிருக்கும் மடல்களை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டியவருக்கு அதில் ஒரு வசதியும் இல்லை.

கடவுச்சொல் லிஸ்டுக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று கிடையாது. நிர்வாகிகள் மாறினாலும் அது மாறாது. யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவும் இல்லை. மெயில்மேன் 2.1 பைத்தான் 2 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துபோனது. ஆகவே பழையதற்குச் சாயம் பூசுவதில் அர்த்தமில்லை.

மெயில்மேன் 3 வெளிவந்தது 2015-இல். அதில் மூன்று துண்டுகள் தனித்தனி: மடலைக் கையாளும் கோர், நிர்வாகத் திரையான போஸ்டோரியஸ், காப்பகமான ஹைப்பர்கிட்டி. கோர் தன் வேலைகளை, வேறொரு நிரல் அதனோடு பேசுவதற்கான வாசலான ரெஸ்ட் ஏபிஐ வழியாகத் திறந்து தருகிறது. இயல்பாக அது அதே சர்வருக்குள் 8001 போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்) கேட்கும். போஸ்டோரியஸ் ஒழுங்கான மென்பொருள். ஆனால் அதன் அமைப்புப் பக்கங்களும் கோரின் பண்புகளைத்தான் வரிசையாக அடுக்குகின்றன. கோரில் கை வைக்காமல், அதே ஏபிஐ மேல், ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில், ஒரு புதிய முகப்பு (நிர்வாகிகள் பார்க்கும் திரை) கட்டுவது என்று முடிவானது. போஸ்டோரியஸ் அப்படியே இருக்கும். நூற்றில் ஒருமுறை தேவைப்படும் அமைப்புகளுக்கு அங்கே போய்க்கொள்ளலாம்.

இந்த வழியில் முதலில் கவனிக்க வேண்டியது பாதுகாப்பு. ரெஸ்ட் ஏபிஐக்கு இருப்பது ஒரே ஒரு பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். அது கையில் இருந்தால் எல்லா லிஸ்டிலும் எதுவும் செய்யலாம். இவர் மாடரேட்டர் (நிற்கும் மடல்களை அனுமதிப்பவர்), அவர் ஓனர் (லிஸ்டின் பொறுப்பாளர்) என்று பார்த்து கோர் யாரையும் தடுக்காது. அந்தச் சோதனை முழுக்க முகப்பின் பொறுப்பு. எனவே ஒவ்வொரு வியூவிலும் (ஒரு பக்கத்தை இயக்கும் நிரல்) "இந்த லிஸ்டில் இவருக்கு இந்த வேலை செய்ய உரிமை உண்டா" என்ற கேள்வி ஒரே பொது இடத்தின் வழியாகப் போக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தனியாக எழுதினால் என்றைக்காவது ஒன்றில் விட்டுப்போகும். இயல்பாக வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். 8001 போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்கக் கூடாது.

முதல் திரை: நிற்கும் மடல்கள்

உள்ளே நுழைந்ததும் தெரிவது நிற்கும் மடல்களின் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் அனுப்பியவர், தலைப்பு, நின்ற நேரம், நின்ற காரணம். காரணத்தை கோரே ஏபிஐயில் தருகிறது. அதை அப்படியே காட்டாமல், அடுத்து என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு அளவு. மெயில்மேனில் மடலின் உச்ச அளவு இயல்பாக 40 கேபி. மடலோடு இணைத்த கோப்பு, மெயிலில் போவதற்காகப் பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 30 கேபி பிடிஎஃப்பே 40-ஐத் தொட்டுவிடும். ஸ்கேன் செய்த ஒரு பக்க சர்க்குலர் சில நூறு கேபி இருக்கும். ஆக, சங்கத்தின் சொந்த அறிவிப்புகள்தான் முதலில் நிற்கும். திரை இங்கே மூன்று தகவல் தருகிறது: மடலின் அளவு, லிஸ்டின் வரம்பு, வரம்பை உயர்த்தும் இணைப்பு. உயர்த்தும் இடத்தில், புதிய அளவை உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கிய கணக்கும் பக்கத்திலேயே நிற்கும். 2 எம்பி என்று போட்டால் ஆயிரம் பேருக்கு ஒரு மடல் 2 ஜிபி வரை வெளியே போகும். அந்த எண்ணைப் பார்த்தாலே பலர் 500 கேபியில் நிறுத்திக்கொண்டு, பெரிய கோப்புக்கு இணைப்பு கொடுக்கும் வழிக்குப் போகிறார்கள்.

அடுத்த பெரிய காரணம், உறுப்பினர் அல்லாதவர். நிஜத்தில் பெரும்பாலும் அவர் உறுப்பினர்தான். கம்பெனி முகவரியில் சேர்ந்துவிட்டு, போனில் இருக்கும் ஜிமெயிலிலிருந்து எழுதியிருப்பார். பெயர் ஒத்துப்போனால் திரை கேட்கிறது: இந்த முகவரியிலிருந்து இனி வருவதையும் ஏற்கலாமா? "ஆம்" என்றால் அந்த முகவரிக்கு மட்டும் ஏற்பு என்று பதிவாகும். பேச்சு லிஸ்டுக்கு இது போதும். அறிவிப்பு லிஸ்டில் இந்தப் பட்டனே வராது. அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடுவது எளிது. அங்கே எல்லாருடைய மடலும் நின்றுதான் போக வேண்டும்.

பட்டன்களில் ஒரு வேறுபாடு முக்கியம். மெயில்மேனில் நிராகரிப்பு வேறு, தூக்கிப்போடுவது வேறு. நிராகரித்தால் அனுப்பியவருக்குக் காரணத்தோடு ஒரு மடல் போகும். தூக்கிப்போட்டால் சத்தமில்லாமல் மறையும். ஸ்பாம் மடலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது. அதை நிராகரித்தால் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு நம் சர்வரிலிருந்து குப்பை போகும். நம் ஐபி முகவரிக்குக் கெட்ட பெயர் வரும். அதனால் பலவற்றைத் தேர்ந்தெடுத்து ஒன்றாகச் செய்யும் இடத்தில் நிராகரிப்பு கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து, காரணம் எழுதினால்தான் அந்தப் பட்டன் உயிர் பெறும்.

பயன்படுத்திப் பார்க்கச் சொன்னபோது ஆபீஸ் அக்கா ஒருவர் தேர்வுப் பெட்டியைத் தொட்டதும் கேட்டது: "ஏந்தம்பி, இது இங்க தெரியறதை மட்டும் எடுக்குமா, உள்ள இருக்கறதை எல்லாம் எடுக்குமா?" நியாயமான சந்தேகம். ஒரு பக்கத்துக்கு 25 என்று பிரித்துக் காட்டும் பட்டியலில், மேலே உள்ள பெட்டி இந்தப் பக்கத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தத்தையும் எடுக்க, எண்ணிக்கையோடு தனி வரி ஒன்று தோன்ற வேண்டும். செயல் பட்டனிலும் அந்த எண் இருக்க வேண்டும்: "25 மடல்களைத் தூக்கிப்போடு".

அனுப்பிய மடலைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஏற்பு என்று கோருக்குச் சொன்ன நொடியில் அது வெளியே போகும் வரிசையில் சேர்ந்துவிடும். ஆகவே முகப்பே ஏற்பை 20 விநாடி தன்னிடம் வைத்திருந்து, "ரத்து செய்" காட்டிவிட்டு, பிறகுதான் கோரிடம் சொல்கிறது. இந்தக் காத்திருப்பு சர்வர் பக்கம் இருக்க வேண்டும். உலாவியில் வைத்தால், தாவலை மூடிவிட்டு டீ குடிக்கப் போனவரின் மடல் போகாமலே கிடக்கும்.

இரண்டு மாடரேட்டர்கள் ஒரே மடலை ஒரே நேரத்தில் தொடுவதும் நடக்கும். இரண்டாமவருக்கு கோரிலிருந்து, அப்படி ஒரு மடல் இல்லை என்ற 404 பதில் வரும். அதைச் சிவப்புப் பிழையாகக் காட்டினால் பதறிப்போய் ஆபீசுக்குப் போன் வரும். முகப்பு தன் பதிவேட்டைப் பார்த்து, இது ஏற்கெனவே இன்னாரால் இத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று சொன்னால் போதும்.

மடல் நிற்கிறது என்று மாடரேட்டருக்குப் போகும் அறிவிப்பில் "இதைத் தொட்டால் அனுப்பப்படும்" என்ற இணைப்பு வைக்கத் தோன்றும். வைக்கக் கூடாது. பல நிறுவன மெயில்களில் பாதுகாப்பு ஸ்கேனர் உண்டு; மடலில் உள்ள இணைப்புகளை எல்லாம் ஆள் தொடுவதற்கு முன் அது திறந்து பார்க்கும். ஆள் பார்க்காமலே ஸ்பாம் அனுமதி பெற்றுவிடும். இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அங்கே பட்டனை அழுத்தி, போஸ்ட் வேண்டுகோளாகத்தான் (இணைப்பைத் திறந்தால் மட்டும் போகாத வகை) செயல் நடக்க வேண்டும்.

பவுன்ஸ்: கவனம் அதிகம் தேவைப்பட்ட இடம்

மெயில்மேனின் கணக்கு இது. ஒரு முகவரி பவுன்ஸ் ஆனால் ஒரு புள்ளி. ஒரே நாளில் எத்தனை முறை ஆனாலும் ஒன்றுதான். இயல்பான வரம்பு 5. அதைத் தொட்டதும் அனுப்புவது நிற்கும். பிறகு 7 நாள் இடைவெளியில் 3 எச்சரிக்கை. அதற்கும் அசைவு இல்லையென்றால் பெயர் நீக்கம். நடுவில் 7 நாள் பவுன்ஸ் ஏதும் இல்லாவிட்டால் பழைய புள்ளி காலாவதியாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புள்ளியை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது.

காரணம் மெயில் சர்வரின் லாகில் (பதிவுக் கோப்பு) இருக்கிறது. மடல்களை அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு பெறுநருக்கும் நிலைக் குறியீட்டை எழுதிவைக்கும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. 5.7-இல் தொடங்கினால் எதிர்ப்பக்கத்தின் கொள்கை நம் மடலை மறுக்கிறது. முகப்பு இந்த லாகைப் படித்து முகவரியோடு சேர்த்துவைக்கிறது. உறுப்பினர் பக்கத்தைத் திறந்தால், கடைசி மடல்கள் எந்த நேரத்தில் எந்த சர்வரிடம் ஒப்படைக்கப்பட்டன, எது எந்தக் காரணத்தால் திரும்பியது என்று வரிவரியாகத் தெரியும். போனில் கேட்பவருக்கு அங்கேயே பதில் சொல்லலாம்: "உங்க மெயில் பெட்டி நிறைஞ்சிருக்குதுங்க, கொஞ்சம் காலி பண்ணுங்க, மறுபடியும் ஆன் பண்ணிடறேன்." லாகில் சர்வர் ஏற்றுக்கொண்டதாக இருந்தால், ஸ்பாம் கோப்புறையைப் பார்க்கச் சொல்லலாம்.

பெரிய ஆபத்து கூட்டமாக வரும் பவுன்ஸ். இது டிமார்க்கால் வருவது; அனுப்புநர் முகவரி போலியா என்று பெறும் சர்வர் சோதிப்பதற்கும், தேறாததை என்ன செய்வது என்று முகவரியின் சொந்தக்காரர் அறிவிப்பதற்குமான முறை அது. ஒரு கம்பெனி தன் டொமைனுக்கு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்), சோதனையில் தேறாத மடலை நிராகரி என்ற கொள்கை வைத்திருக்கும். அந்தக் கம்பெனிக்காரர் லிஸ்டுக்கு எழுதுவார். லிஸ்ட் தலைப்பில் முன்னொட்டும் அடியில் குறிப்பும் சேர்க்கும்; அவருடைய டிகிம் கையொப்பம் (மடல் வழியில் மாறவில்லை என்பதற்கு அனுப்பும் சர்வர் இடும் முத்திரை) உடையும். மடல் நம் சர்வரிலிருந்து போவதால் எஸ்பிஎஃப்பும் (ஒரு டொமைனுக்காக எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அவருடைய டொமைனோடு ஒத்துப்போகாது. விளைவு, ஜிமெயில் அந்த மடலை 5.7.26 என்று திருப்பும். தண்டனையோ எழுதியவருக்கு வராது; லிஸ்டில் உள்ள ஜிமெயில்காரர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பவுன்ஸ் புள்ளி ஏறும். நாளுக்கு ஒன்றாக அவர் ஐந்து நாள் எழுதினால் பாதி சங்கம் முடங்கும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் கொள்கையை நிராகரி என்று மாற்றியபோது உலகெங்கும் மெயிலிங் லிஸ்டுகளில் நடந்தது இதுதான்.

இதற்கு இரண்டு காப்பு. ஒன்று கோரிலேயே இருக்கிறது: டிமார்க் நிவாரணத்தில் அனுப்புநர் முகவரியை மாற்று என்பதைத் தேர்ந்தெடுத்தால், நிராகரி அல்லது ஒதுக்கிவை என்று கொள்கை வைத்திருக்கும் டொமைன்களின் மடல் லிஸ்டின் முகவரியிலிருந்து போகும், எழுதியவர் பெயர் முன்னால் நிற்கும். புதிய லிஸ்ட் தொடங்கும்போதே முகப்பு இதை ஆன் செய்துவிடுகிறது. இரண்டாவது காப்பு திரையில்: பவுன்ஸ்களை டொமைன் வாரியாகவும் குறியீடு வாரியாகவும் தொகுத்துக் காட்டுவது. ஒரே நாளில் ஒரே டொமைனில் 5.7 வகை குவிந்தால், பிழை உறுப்பினர்களிடம் இல்லை, நம் பக்கம் என்று பொருள். அப்போது மேலே மஞ்சள் பட்டையில் எந்த மடலால் வந்தது என்று காட்டி, முடங்கியவர்களை மறுபடியும் ஆன் செய்ய ஒரு பட்டன் தருகிறது. தனித்தனியாக ஆயிரம் வரிகளைக் காட்டினால் இந்த உண்மை யார் கண்ணிலும் படாது.

இதோடு சேர்ந்தது 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதிகள். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-ஐ ஒட்டி அனுப்பும் டொமைன், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். சந்தா மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நம்மூர்ச் சங்கத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று தள்ளிவிட முடியாது. ஆயிரம் பேர் லிஸ்டில் எல்லோரும் ஜிமெயிலில் இருந்தால், ஒரே நாளில் ஐந்து மடல் ஓடினாலே அது 5,000. ஒருமுறை அந்த எண்ணைத் தொட்ட டொமைனைக் கூகுள் அதன்பின் எப்போதும் மொத்தமாக அனுப்புபவராகவே கருதும். ஒரே சொடுக்கு விலகலுக்கு ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் இரண்டு ஹெடர்களும் (மடலின் தலைப்பகுதி வரிகள்) டிகிம் கையொப்பத்துக்குள் அடங்க வேண்டும். விலகும் முகவரி உள்நுழைவு கேட்காமல் போஸ்ட் வேண்டுகோளை ஏற்க வேண்டும்.

உறுப்பினர் சேர்ப்பு

சங்கத்தின் பட்டியல் எக்செலில் இருக்கும். ஒரே கட்டத்தில் இரண்டு முகவரி, நடுவில் அரைப்புள்ளி, கடைசியில் காலியிடம், டாட் காம் என்பதற்கு டாட் கான். பெயர் நெடுவரிசை பழைய வானவில் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் ஒட்டியதும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதனால் ஒட்டியவுடன் சேர்த்துவிடாமல், இடையில் ஒரு முன்னோட்டம்: புதியவர், ஏற்கெனவே இருப்பவர், சரிபார்க்க வேண்டியவர் என்று மூன்று கட்டு. திருத்த வேண்டியதை அங்கேயே திருத்தலாம்.

கோர் ஒருவரைச் சேர்க்க ஒரு வேண்டுகோள் கேட்கும். சில நூறு பேரை ஒரே பக்க வேண்டுகோளுக்குள் சேர்க்கப் பார்த்தால், முகப்பை இயக்கும் ஜியூனிகார்ன் சர்வரின் இயல்பான 30 விநாடி வரம்பில் வேலை பாதியில் அறுந்துபோகும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பின்னணி வரிசையில் போட்டு, முன்னேற்றத்தைத் திரையில் காட்ட வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கு கோர் 409 என்ற மறுப்புப் பதில் தரும்; அதைப் பிழையாக எண்ணாமல் கடந்துபோனால், அறுந்த வேலையை மறுபடி ஓட்டுவதில் சிக்கலே இல்லை.

தமிழில் ஏற்படும் தேடல் கோளாறு ஒன்று உண்டு. "பொன்னுசாமி" என்ற பெயரில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும். நீளமான பெயரை வெட்டிக் காட்டும்போதும் குறியீட்டு எண்ணிக்கையை வைத்து வெட்டினால் "சாமி" என்பது "சாம" என்று நிற்கும். முழு எழுத்தாகப் பிரிக்கும் வசதி உலாவியிலேயே இருக்கிறது.

தலைப்பு முன்னொட்டும் தமிழில் இருந்தால் சிறியதாக இருக்கட்டும். மடல் ஹெடரில் குறியாக்கிய ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. அதில் 12, குறியாக்கத்தின் பெயரைச் சொல்லும் உறைக்கே போய்விடும். மிச்சத்தில் பேஸ்64 வழியாக 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடுதான் அடங்கும். அடைப்போடு "[சங்கம்]" என்பதற்கே 20 பைட்.

அமைப்புகள், உரிமை, மாற்றம்

அமைப்புப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் எழுதலாம், யார் சேரலாம், மடல் எப்படித் தோன்ற வேண்டும் என்ற மூன்று கேள்விக்குள் அன்றாடம் தேவைப்படுவது எல்லாம் அடங்கிவிடுகிறது. மாற்றியதை மட்டும் கோருக்கு அனுப்ப வேண்டும். படிவம் முழுவதையும் திருப்பி அனுப்பினால், அதே நேரத்தில் இன்னொருவர் மாற்றியது அழிந்துபோகும். சேமிக்கும் முன் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் பக்கம் பக்கமாக. சேமித்தபின் பதிவேட்டில் பெயரோடு ஒரு வரி.

நிர்வாகிகள் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்க ஒரு தனித் திரை இருக்கிறது. புதியவர் தன் சொந்தக் கணக்கில் உள்நுழைந்து உறுதிப்படுத்திய பிறகுதான் பழையவரை நீக்க விடும். கடைசி ஓனரை நீக்க எப்போதும் விடாது.

பழையதிலிருந்து மாற்றுவதற்கு மெயில்மேன் 3-இல் இம்போர்ட்21 என்ற கட்டளை இருக்கிறது. முதலில் புதிய இடத்தில் லிஸ்டை உருவாக்கிவிட்டு, பழைய கட்டமைப்புக் கோப்பை அதற்குக் கொடுக்க வேண்டும். அமைப்புகளும் உறுப்பினர்களும் வருவார்கள். பழைய கடவுச்சொற்கள் பயன்படாது, ஆளாளுக்குப் புதிய கணக்கு. மாற்றும் நாளுக்கு முன்பே டிஎன்எஸ் பதிவை (டொமைன் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்ற விவரம்) பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் ஆயுட்காலத்தை 300 விநாடிக்குக் குறைத்துவைத்தால் இடைவேளை சுருங்கும். இம்போர்ட் முடிந்ததும், மடல் ஓடும் முன், டிமார்க் நிவாரணத்தையும் அளவு வரம்பையும் கையால் ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய மதிப்புகள் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். காப்பகத்தை ஹைப்பர்கிட்டிக்கு ஏற்றினாலும், மெயில்மேன் 2.1-இன் காப்பகமான பழைய பைப்பர்மெயில் கோப்புறையை அதே முகவரியில் விட்டுவைக்க வேண்டும். பழைய சர்க்குலர்களில் அந்த இணைப்புகளைத்தான் கொடுத்திருப்பார்கள்.